கடலோர லாட்ஜா, பஸ் ஸ்டாண்டு ரூமா?

28-04-2025, அரூர்க்காரர் எழுதியது

லீவு விட்டாச்சு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து பாண்டி, மாமல்லபுரம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடலைப் பார்த்த லாட்ஜ் என்பதற்காக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து ஏமாறாதீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் போடுங்கள். கீழே இறங்கினால் டிபன் கடை. வேண்டும்போது கடலுக்குப் போய் வாருங்கள், அது எங்கேயும் ஓடிப் போகாது. தூங்குகிற நேரத்தில் ஜன்னலில் கடல் இருந்தால் என்ன, பக்கத்து வீட்டுச் சுவர் இருந்தால் என்ன? மறுப்பவர்கள் மறுக்கலாம்.

28-04-2025, இரவு 10.40, காவேரிப்பட்டணத்துக்காரன் பதில்

மறுக்கிறேன் அண்ணா.

2019-ல் நீங்கள் சொன்னபடியேதான் செய்தேன். பஸ்ஸில் போய் இறங்கி, பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு ரூம். காலையில் ஆறு மணிக்குக் கடலுக்குப் போவதாகத் திட்டம். ஐந்து பேருக்கு ஒரு பாத்ரூம் வேலை செய்தது, இன்னொன்றில் தண்ணீர் வரவில்லை. ஒருவர் குளித்து வருவதற்குள் இன்னொருவர் காபிக்கு இறங்கிப் போவார். அவரைத் தேட ஒருவர் போவார். எல்லோரும் ஆட்டோவில் ஏறியபோது எட்டரை. கடற்கரையில் மணல் சுட்டது. அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். மறுநாளும் அதே கதை.

கடலுக்கு நேரம் என்று ஒன்று உண்டு. விடிவதற்கு அரை மணி முன்பிருந்து ஏழரை வரை, அப்புறம் சாயங்காலம் ஐந்துக்கு மேல். நடுவில் இருப்பது வெறும் வெயில். அந்த இரண்டு நேரமும் கையில் கிடைக்க வேண்டும் என்றால் செருப்பு மாட்டாமல் இறங்கிப் போகிற தூரத்தில் படுத்திருக்க வேண்டும். ஜன்னலில் தெரிவதற்காக நான் காசு கொடுக்கவில்லை.

29-04-2025

கணக்கு கேட்டார்கள். மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறவன் நான், சொல்லாமல் இருப்பேனா?

பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு ரூம், ஒன்று 1,100 என்றால் 2,200. ஆட்டோ ஒரு நடை 250, காலையும் மாலையும் போய் வர நான்கு நடை, 1,000. ஆக நாளுக்கு 3,200. இப்போது நான் பேசி வைத்திருக்கும் கடலோர லாட்ஜில் நான்கு பேர் படுக்கிற ஒரே அறை, 2,200. ஐந்தாவது ஆளுக்குப் பாய் தலையணை 200. ஆயிரம் ரூபாய் கூட என்றீர்கள். எனக்குக் குறைகிறது.

29-04-2025, கொஞ்ச நேரம் கழித்து

பாலக்கோட்டு அக்கா சரியாகப் பிடித்துவிட்டார். "இந்த முறை சொந்த வண்டியில்தானே போகிறீர்கள், உங்களுக்கு ஆட்டோ எதற்கு?" தப்புதான் அக்கா. 2019 ஆட்டோவை 2025 கணக்கில் ஏற்றிவிட்டேன். ஆலையில் இப்படி எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார். ஆட்டோவைக் கழித்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. ஆனால் சுட்ட மணல் கணக்கில் வராது.

02-05-2025

அரூர் அண்ணா கேட்டது: போனில் என்ன கேட்டு ரூம் போட்டீர்கள்?

"கடல் தெரியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் எங்கள் ஊரில் இருந்தும் ஏதோ தெரியும். லாட்ஜுக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தார் ரோடா, தென்னந்தோப்பா, மீனவர் குப்பமா, மணலா? (நான் இதைக் கேட்டேன். "பீச்தான் சார்" என்றார்கள். அது எப்படிப்பட்ட பீச் என்று கேட்கவில்லை. அந்தக் கதை பின்னால் வரும் என்று இப்போதே ஒரு பயம் இருக்கிறது.)

அடுத்தது, 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா. நம்மவர்கள் விடியற்காலை கிளம்பி 10 மணிக்குப் போய்ச் சேருவார்கள். 12 மணிக் கணக்கு லாட்ஜில் அதுவரை வராந்தாவில் உட்கார வேண்டும், இல்லையென்றால் அரை நாள் வாடகை. 24 மணி என்றால் 10-க்கு ஏறி 10-க்கு இறங்கலாம்.

தண்ணீர் உப்பா என்று கேளுங்கள். கரண்டு போனால் ஃபேனுக்காவது ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். பெரியவர்கள் எல்லோருடைய ஆதார் நகலும் வேண்டும், ஜெராக்ஸ் கடையைக் கடலோரத்தில் தேடி அலையாதீர்கள்.

எங்கள் பயணம் 12-ம் தேதி திங்கள், பாண்டிக்கு. நான், மனைவி, அம்மா, மகள், மச்சான் பையன். பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் அப்புறம் ஜூலை வரைக்கும் ஆலையில் தலை நிமிர முடியாது.

13-05-2025, காலை 5.15, லாட்ஜ் மொட்டை மாடியில் இருந்து

எல்லோரும் தூங்குகிறார்கள். நேற்று நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

காலை 5 மணிக்குக் கிளம்பினோம். போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம். ஊத்தங்கரை தாண்டும்போது அம்மா பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். போன டிசம்பர் நினைவு. ஃபெஞ்சல் புயல் 30 நவம்பர் இரவு புதுச்சேரிப் பக்கம்தான் கரை கடந்தது. ஆனால் டிசம்பர் 2 காலை வரை 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. கடலில் இருந்து இவ்வளவு தூரம் உள்ளே! பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்ற வண்டிகள் ரோட்டில் மிதந்து போனதை எல்லோரும் போனில் பார்த்தோம். "நாம கடலுக்குப் போகலன்னாலும் அது வந்துட்டுதான் போவுது" என்றாள் அம்மா.

அதுவரை சரி. செங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. முன்னால் பஸ், பின்னால் பஸ், எல்லாம் சிறப்புப் பேருந்து. மனைவி காலண்டரை நினைத்துப் பார்த்து, "இன்னைக்கு சித்ரா பௌர்ணமி" என்றாள். வருஷத்தில் 365 நாள் இருக்க, சித்ரா பௌர்ணமி அன்று திருவண்ணாமலை வழியாகக் கடலுக்குப் போக ரூட் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ரூம் கிடைத்த தேதியைப் பார்த்தேன், திதியைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி விட்டார்கள். செஞ்சிக் கோட்டையைக் கார் ஜன்னலில் பார்த்தபடியே போய், திண்டிவனத்தில் சாப்பிட்டு, லாட்ஜில் இறங்கியபோது மணி இரண்டரை. 24 மணி நேரக் கணக்கு என்று கேட்டு வைத்ததெல்லாம் வீண்.

வரவேற்பில் இருந்த பையன் ஆதாரைப் பார்த்து, "காவேரிப்பட்டணமா, பூம்புகார் பக்கம்தானே சார்?" என்றான். இல்லை தம்பி, இது கிருஷ்ணகிரி, எங்கள் ஊரில் காவிரியும் கிடையாது, கடலும் கிடையாது, தென்பெண்ணைதான் என்றேன். தலையாட்டிவிட்டு மயிலாடுதுறை மாவட்டம் என்று எழுதிக்கொண்டான்.

கடல்? இருக்கிறது. வாசலில் இருந்து அறுபது எழுபது அடி. மணல்தான் இல்லை. கரை நெடுக ஆள் உயரக் கருங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை வந்து கல்லில் மோதித் திரும்புகிறது. மனைவி ஒரு நிமிஷம் பார்த்தாள். "பர்கூர் ரோட்டுல போனா இந்தக் கல்லை ஒரு மணி நேரத்துல பார்த்துட்டு வந்துருக்கலாம்" என்றாள். கிரானைட் ஊர்க்காரனுக்கு இதைவிட வேறு என்ன தண்டனை வேண்டும்.

அரூர் அண்ணா, இப்போதே சிரிக்காதீர்கள். மீதி இருக்கிறது. கிழக்கே வெளுக்கிறது, நான் இறங்குகிறேன்.

13-05-2025, இரவு

விட்ட இடத்தில் இருந்து.

நேற்று சாயங்காலம் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். கீழே புழுக்கம். ஏழு மணிக்குள் இருக்கும், கடலுக்கு மேல் ஒரு மூலை செம்மண் நிறமாக ஆனது. ஏதோ கப்பல் எரிகிறது என்றான் மச்சான் பையன். நிலா. சித்ரா பௌர்ணமி நிலா தண்ணீருக்குள் இருந்து எழுந்து வந்தது. முதலில் செக்கச் செவேல், அப்புறம் மஞ்சள், அப்புறம்தான் நமக்குத் தெரிந்த நிலா. தண்ணீர் மேல் ஒரு பாதை எங்கள் கல் வரைக்கும் நீண்டு கிடந்தது. எட்டரை வரை யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊரில் நிலா மலை முதுகில் ஏறி, பாதி வளர்ந்த பிள்ளையாகத்தான் வரும். பிறக்கும்போதே பார்த்தது இதுதான் முதல் தடவை.

பௌர்ணமி அன்று வந்ததை முட்டாள்தனம் என்று காலையில் எழுதினேன். அதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

பஸ் ஸ்டாண்டு ரூமில் இருந்திருந்தால் இதைப் பார்த்திருப்போமா? ஏழு மணிக்கு எங்காவது பரோட்டாவுக்கு வரிசையில் நின்றிருப்போம்.

14-05-2025

மீன். இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் மே மாதம் கடலுக்குப் போகிற நம்மவர்கள் எல்லோரும் விழுகிற குழி இது.

கடலோரம் என்றால் மீன் மலிவு என்று நினைத்துக்கொண்டு வருகிறோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-ல் கூட்டினார்கள். மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம் என்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிப் போட்டிருப்பார்கள். நாட்டுப்படகு, கட்டுமரம் மட்டும்தான் போகும். நம் பள்ளிக்கூட லீவும் இந்தத் தடையும் அப்படியே ஒன்றின் மேல் ஒன்று. அதனால் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு, அதைப் பார்த்த பாவத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டியதுதான். ஓட்டல் தட்டில் வருவது எத்தனை நாள் ஐஸில் இருந்ததோ.

ஆனால் காலை ஆறரைக்கு நாட்டுப்படகு ஒன்று வந்தது. குப்பத்து அக்கா ஒருவர் கூடையோடு உட்கார்ந்தார். நெத்திலியும் காரப்பொடியும். நான் வண்டியில் இருந்து செந்தூரா மாம்பழம் ஒரு பை கொண்டு போயிருந்தேன். விலை பேசும்போது மனைவி ஒரு பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். முகர்ந்து பார்த்தார். "எந்த ஊரு?" கிருஷ்ணகிரி என்றோம். அதற்கப்புறம் பேச்சு மீனை விட்டுவிட்டது. ஆறு மாம்பழத்துக்கு நெத்திலி ஒரு சட்டி. காசு வாங்கவில்லை. காரப்பொடிக்கு மட்டும் வாங்கினார். லாட்ஜ் சமையல்காரர் பொரித்துக் கொடுத்தார், எண்ணெய்க்கு 80 ரூபாய்.

நாங்கள் கே.ஆர்.பி. டேமில் (கிருஷ்ணகிரி அணை) ஜிலேபி மீன் வறுவல் தின்று வளர்ந்தவர்கள். அம்மா நெத்திலியை ஒரு வாய் வைத்துவிட்டு, "முள்ளே இல்லையே, இது மீன்தானா?" என்று சந்தேகப்பட்டாள்.

14-05-2025, பிற்பகல்

முறுக்கு நமுத்துப் போய்விட்டது. டப்பா மூடியைச் சரியாக மூடவில்லை என்று ஒருவர் மேல் ஒருவர் பழி. இரண்டு நாள் கடற்காற்றுக்கு எந்த மூடியும் நிற்காது. கடலை உருண்டை மட்டும் பிழைத்தது.

17-05-2025, வீட்டில்

பாலக்கோட்டு அக்கா கேட்டது தண்ணீர் பற்றி. உப்புத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்கவில்லை, தலை சிக்குப் பிடித்தது, கடலில் நனைந்து வந்து குளித்தால் உப்பை உப்பால் கழுவின மாதிரி. குடிக்க 20 லிட்டர் கேன். அம்மா குளிக்கவும் கேன் தண்ணீர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தாள்.

ஆனால் தண்ணீரைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. வரவேற்புப் பையன் என் பல்லில் இருக்கும் கறையையே பார்த்துக்கொண்டு இருந்தான். வெற்றிலையா சார் என்று கேட்டான். வெற்றிலை இல்லையப்பா, எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். நாங்கள் சின்ன வயதில் குடித்ததை யார் அளந்தார்கள். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் கொஞ்சம் மாறியது. என் மகள் பல் வெள்ளை. என் பல் ஊர் அடையாள அட்டை. மயிலாடுதுறை என்று எழுதினானே, பல்லைப் பார்த்து எழுதியிருந்தால் மாவட்டம் சரியாக வந்திருக்கும்.

18-05-2025

ஓசூர் தம்பி ஒருவர்: "கடலோர லாட்ஜில் இருந்து சூரிய அஸ்தமனம் பார்த்தீர்களா, போட்டோ போடுங்கள்."

தம்பி, நாங்கள் போனது கிழக்குக் கடற்கரை. அங்கே சூரியன் கடலில் எழும், விழுவது நம் ஊர்ப் பக்கம். கடலில் மறைவதைப் பார்க்க வேண்டும் என்றால் கன்னியாகுமரிக்கோ கேரளத்துக்கோ போங்கள்.

இன்னொன்று, நீங்கள் ஓசூரில் இருந்து போகிறீர்கள். உங்கள் ஊர் கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்குக் கிட்ட. நாங்களே 500-ல் இருந்து இறங்கிப் போய் இரவு தூங்க முடியாமல் தவித்தோம். பகல் வெயில் எங்கள் ஊரை விடக் குறைவுதான், மதியத்துக்கு மேல் கடல் பக்கம் இருந்து காற்றும் வரும். ராத்திரி அந்தக் காற்று நின்றுபோய், விடியற்காலை தரையில் இருந்து கடலுக்குத் திரும்பி வீசும். நடுவில் இருக்கிற மூன்று நான்கு மணி நேரம் ஈர வேட்டிக்குள் படுத்த மாதிரி. எங்களுக்கு ஏ.சி. இல்லாத அறை. நீங்கள் ஏ.சி. போடுங்கள்.

21-05-2025

கல் விஷயம். "கடல் மணலைத் தின்றுவிட்டது, லாட்ஜ்காரர் பழைய போட்டோவைக் காட்டி ஏமாற்றிவிட்டார்" என்று அரூர் அண்ணாவிடம் போனில் புலம்பினேன். அதைத் திருத்த வேண்டும்.

திரும்பும் நாள் காலையில், வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "சின்ன வயசுல இங்க ஒரு ஃபர்லாங்கு மணல் தம்பி, அதுல கபடி ஆடுவோம்" என்றார். அப்புறம் தெற்கே கையைக் காட்டி, "ஆர்பர்" என்றார், துறைமுகத்தைத்தான்.

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். நம் கிழக்குக் கரையில் மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் அலை அதைத் தெற்கில் இருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கேதான் மிச்சம். எங்கள் ஆலையில் கன்வேயர் பெல்ட் ஓடுகிற மாதிரி. புதுச்சேரியில் 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் நீட்டினார்கள். பெல்ட்டின் நடுவே கட்டையைப் போட்டாச்சு. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்தது, வடக்குப் பக்கம் பட்டினி. நகரத்துக் கடற்கரை போனது, பிறகு அதற்கு வடக்கே இருந்த குப்பங்களின் கரை. போகப் போக ஒவ்வொரு ஊருக்கும் கல் கொட்டினார்கள். ஓரிடத்தில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்கிறது.

சென்னையிலும் இதே கதை, ஆனால் நமக்குப் பிடித்த பக்கம் மட்டும் தெரியும். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டியதால்தான் அதற்குத் தெற்கே மெரினா அவ்வளவு அகலமானது. வடக்கே ராயபுரம் கரைந்தது. ஒரு ஊரில் பட்டாணி சுண்டல், ஒரு ஊரில் கருங்கல்.

லாட்ஜ்காரர் ஏமாற்றவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் காட்டிய போட்டோ எந்தக் காலத்தது என்று அவருக்குத் தெரியும். ஆனால் மணல் போனது அவர் குற்றம் இல்லை. இருந்த கரையை நம்பிக் கட்டினவர், இப்போது ஒவ்வொரு மழைக்காலமும் கல்லை எண்ணிக்கொண்டு இருக்கிறார்.

21-05-2025, இன்னொரு திருத்தம்

பாண்டிக்குப் போவதாக எழுதியிருந்தேன். நாங்கள் தங்கிய இடம் எல்லைக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டம். இதைக் கண்டுபிடித்தது மச்சான் பையன், கடைகளின் பெயர்ப் பலகையைப் படித்து. பாண்டி என்று சொல்லி ரூம் விற்பது அந்தப் பக்கம் வழக்கம் போல.

25-05-2025

நீச்சல் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். மச்சான் பையன் தென்பெண்ணையில் நீந்திப் பழகியவன், கிணற்றில் தலைகீழாகக் குதிப்பவன். இரண்டாம் நாள் தெற்கே மணல் இருக்கிற கரை ஒன்றுக்குப் போனோம். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "மாமா, கால் மண்ணை யாரோ உருவுறாங்க" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான், ஆனால் முகம் சிரிக்கவில்லை. கரையில் இருந்த மீனவர் ஒருவர் கத்தி மேலே ஏறச் சொன்னார். அவர் காட்டிய இடத்தில் அலை உடையவே இல்லை. இரண்டு பக்கமும் வெள்ளையாக நுரைக்கிறது, நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குச் சும்மா கறுப்பாகக் கிடக்கிறது. வெளியூர்க்காரன் அந்த அமைதியான இடத்தைத்தான் தேடிப் போய் நிற்பான். கரையில் ஏறிய தண்ணீர் எல்லாம் திரும்பி உள்ளே போகிற வழி அது.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக நீந்தாதே, ஆள் களைத்துவிடுவான், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியே வா, அப்புறம் அலையே தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும் என்றார். ஆற்றில் சுழலுக்குப் பயப்படத் தெரிந்த நமக்குக் கடலில் எதற்குப் பயப்பட வேண்டும் என்றே தெரியவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் முழங்கால் ஆழம்தான். மகள் மட்டும் கோபித்துக்கொண்டாள், அவள் அன்று கணுக்கால்கூட நனைக்கவில்லை.

27-05-2025

அம்மா கடலைப் பார்த்து என்ன சொன்னார் என்று பாலக்கோட்டு அக்கா மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். அக்கா, நீங்கள் எதிர்பார்ப்பது மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. 68 வயதில் முதல் முறை பார்த்தாள். கல் மேல் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "டேம் நிரம்புனா இப்படித்தான் இருக்கும். மதகு எங்க வச்சிருக்கான்?" என்றாள்.

15-06-2025

ஆலை சீசன். இரவு வேலை. ஒரே ஒரு விஷயம், மறந்துபோவதற்குள்.

அறையில் எல்லாமே துருப்பிடித்திருந்தது பற்றி முதலில் எரிச்சலாக ஒரு குறிப்பு எழுதி, போடாமல் வைத்திருந்தேன். தாழ்ப்பாள் இழுக்க வரவில்லை, ஜன்னல் கீல் கையோடு வந்தது, ஃபேன் முனகியது. சர்வீஸ் சரியில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது எங்கள் ஆலைக்கு ஏ.சி. பழுது பார்க்க வந்தவர் முன்பு கடலூரில் வேலை பார்த்தவர். கடலோரத்தில் வெளியே மாட்டுகிற ஏ.சி. பெட்டி நம் ஊரில் வருகிற அளவில் பாதிக் காலம்கூட வராது என்றார். உப்புக் காற்று தகட்டை அரித்துவிடும், வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவினால்தான் தாங்கும். நல்ல தண்ணீருக்கு அங்கே எங்கே போவது? 2,200 ரூபாய் வாடகையில் வருஷம் தவறாமல் பெயிண்ட், தாழ்ப்பாள், கீல் மாற்றுவது எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், கட்டவில்லை. அந்தக் குறிப்பை அழித்துவிட்டேன். ஃபேன் முனகியது மட்டும் அப்படியே இருக்கட்டும், அதற்கு எண்ணெய் விட்டால் போதும்.

நேற்றோடு தடைக்காலம் முடிந்தது. இனிமேல் போகிறவர்களுக்கு மீன் உண்டு, லீவுதான் இல்லை.

03-10-2025

பூஜை லீவுக்குப் போகிறவர் கேட்டார், பில் எப்படி இருந்தது என்று.

எங்களுக்கு மே மாதம் 2,200-க்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி., 264 சேர்த்து நாளுக்கு 2,464. இரண்டு நாளுக்கு 4,928, பாய்க்கு 200, ஆக 5,128. செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு 5 சதவீதம்தான். அதே அறை இப்போது 2,310 ஆக வேண்டும். 154 ரூபாய் மிச்சம். கேட்டு வாங்குங்கள், வாடகையை ஏற்றிவிட்டேன் என்பார்கள். அப்போதும் கேளுங்கள்.

எங்களுக்குக் கொடுத்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு, அதில் ஜி.எஸ்.டி. எண் கிடையாது. கணக்கு எழுதுகிறவனாக இருந்தும் அதைக் கவனித்தது செங்கம் தாண்டித்தான். வெட்கக்கேடு.

04-10-2025

பத்து ரூபாய் பாய்க்கு 200 வாங்கினார்களா என்று கேட்டவருக்கு: தலையணையும் உண்டு.

20-01-2026

பொங்கல் முடிந்து தை 5 அன்று கடலூர் போய் வந்தோம். ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையில் அந்தப் பக்கம் ஊர் ஊராகச் சாமிகளைத் தூக்கி வந்து ஆற்றில் தீர்த்தவாரி செய்வார்கள். கரை முழுக்கக் கடை, ராட்டினம், கரும்பு. நம் ஆற்றுக்கு இவ்வளவு பெரிய திருவிழா என்று நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாம் அதன் மேல் டேம் கட்டி மீன் வறுத்துத் தின்கிறோம், அவர்கள் சாமியைக் குளிப்பாட்டுகிறார்கள்.

எங்கே தங்கினோம் என்று அரூர் அண்ணா கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள். பஸ் ஸ்டாண்டு பக்கம். கீழே டிபன் கடை. கடலோரத்தில் கிடைத்த அறை மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை. பாத்ரூமில் தண்ணீர் வந்தது, சோப்பு நுரைத்தது, நன்றாகவே தூங்கினோம். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து கிளம்பலாம் என்று திட்டம் போட்டோம், கிளம்பியது எட்டேகால். அந்த வாதத்தை நான் இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

தாழங்குடா பக்கம் போய் ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்த்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. மணல் திட்டு, அதில் நாரைகள், கலங்கின தண்ணீர் ஒரு பக்கம், உப்புத் தண்ணீர் ஒரு பக்கம். நந்தி மலையில் கிளம்பி, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, நம் கே.ஆர்.பி. டேம், எங்கள் ஊர்ப் பாலம், சாத்தனூர் எல்லாம் தாண்டி வந்து இங்கே முடிகிறது. மகள் போனில் படம் எடுத்தாள். மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா அலையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பெங்களூரு கழிவு நீரால் கெலவரப்பள்ளியில் வருஷா வருஷம் மலை மாதிரி நுரை பொங்குவதை டிவியில் பார்த்துப் பார்த்துப் பழகிப் போனவள். வெள்ளையாக ஒரு அலை வந்து காலடியில் உடைந்ததும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "இதுவும் பெங்களூரு நுரைதானா?"